தனித்தனிப் பிரசாரத் தளங்களைப் பொது மென்பொருளால் இணைப்பது எப்படி? மட்டக்களப்பு, அம்பாறைக் குழுக்களுக்கான முழுமையான வழிகாட்டி

வாகரையில் ஒரு குழு, வெல்லாவெளியில் ஒன்று, நிந்தவூரில் ஒன்று, திருக்கோவிலில் இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் சொந்தத் தளம் இருக்கிறது. பேசும் விடயங்களும் பெரும்பாலும் ஒன்றுதான்: காணி, மேய்ச்சல் தரை, கடலரிப்பு, யானைத் தொல்லை. இருந்தும் ஒரு குழு எழுதுவது அடுத்த குழுவின் வாசகருக்குப் போய்ச் சேருவதில்லை. எவருடைய தளத்தையும் எவரும் விழுங்காமல் இவற்றைக் கோர்க்கும் வழி கீழே இருக்கிறது. எல்லாத் தளங்களும் வேர்ட்பிரஸ் என்ற இலவசத் தள மென்பொருளில் இயங்குகின்றன என்று எடுத்துக்கொள்கிறோம். ட்ருபல் என்ற இன்னொரு தள மென்பொருளிலும் வரிசை இதேதான், பொத்தான்கள்தான் மாறும்.

புதிதாக இறங்குபவர்கள் எல்லாரும் பொதுத் தளத்தின், அதாவது எல்லாக் குழுக்களின் செய்திகளையும் ஓரிடத்தில் காட்டும் தளத்தின், முகப்பை வடிவமைப்பதில் தொடங்குகிறார்கள். அது ஆறாவது படி. அதற்கு முந்தைய ஐந்தும் முடியாமல் முகப்பு போட்டால், இரண்டு வாரத்தில் அதில் ஒரே குழுவின் பதிவுகள் மட்டும்தான் இருக்கும்.

1. எதைப் பகிர்வது, எதைப் பகிரக்கூடாது என்று எழுதி வையுங்கள்

ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். பகிர்வது நான்கு: மென்பொருள் பொதி, வகைப் பெயர்கள், செய்தியோடை (புதிய பதிவுகளை மற்றத் தளங்கள் தானாக எடுக்க உதவும் பட்டியல்), கூட்ட நாட்காட்டி. பகிரக்கூடாதது மூன்று: நிர்வாகக் கடவுச்சொல், ஆதரவாளர் விவரம், பணம். குழுக்கள் உடையும்போது சண்டை வருவது இந்த மூன்றில்தான், அதனால் தொடக்கத்திலேயே பிரித்து வைக்க வேண்டும்.

"வேர்ட்பிரஸ் மல்டிசைட் போட்டால் எல்லாத் தளமும் ஒரே இடத்தில் இருக்குமே" என்று தொழில்நுட்பம் தெரிந்த ஒருவர் கட்டாயம் கேட்பார். உண்மை, ஒரு தடவை புதுப்பித்தால் எல்லாம் புதுப்பிக்கப்படும். ஆனால் தரவுத்தளம் ஒன்று, அதற்கு மேல் நிர்வாகி ஒருவர். அவர் வெளிநாடு போனாலும், தளத்தை வைத்திருக்கும் வழங்கியின் (ஹோஸ்டிங்) கட்டணம் தவறினாலும், ஒரு பதிவின் மேல் வந்த முறைப்பாட்டால் கணக்கு முடக்கப்பட்டாலும் எல்லா ஊரும் ஒரே இரவில் இருண்டுவிடும். தனித்தனி வழங்கியில் தனித்தனித் தளமாக இருப்பது வேலை கூடினதுதான், ஆனாலும் அதையே பரிந்துரைக்கிறோம். 2003 இல் அமெரிக்காவில் ஜனாதிபதி வேட்பாளராகப் போட்டியிட முயன்ற ஹவார்ட் டீனின் ஆதரவாளர்கள் ட்ருபலை வைத்து உருவாக்கிய டீன்ஸ்பேஸும் இந்த வழியில்தான் போனது: தளங்கள் தனி, மென்பொருள் பொது.

2. தொடங்குமுன் ஒவ்வொரு தளத்திலும் இருக்க வேண்டியவை

டொமைன் பெயர் குழுவின் மின்னஞ்சலில் பதிவாகியிருக்க வேண்டும், தனி ஒருவரின் மின்னஞ்சலில் அல்ல. அந்த மின்னஞ்சலை இருவர் திறக்கக்கூடியதாக இருக்கட்டும். புதுப்பிப்பு நினைவூட்டல் ஒருவருடைய பழைய முகவரிக்குப் போய், அதை யாரும் பார்க்காமல், டொமைன் கைவிட்டுப் போவது அடிக்கடி நடக்கிறது.

வழங்கி வாங்கும்போது விலையை மட்டும் பார்க்காதீர்கள். கிரான் பணி (cron, குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலை) அமைக்க விடுவார்களா, தளத்தின் தொடர்பைப் பாதுகாக்கும் எஸ்.எஸ்.எல். சான்றிதழ் தானாகப் புதுப்பிக்கப்படுமா என்று கேளுங்கள். லெட்ஸ் என்கிரிப்ட்டின் வழமையான இலவசச் சான்றிதழ் 90 நாளில் காலாவதியாகும். காலாவதியான தளத்தை ஆட்கள் எச்சரிக்கையைத் தட்டிவிட்டுத் திறந்துவிடுவார்கள், பொதுத் தளத்தின் மென்பொருளோ திறக்காது. அந்த ஊரின் செய்திகள் சத்தமில்லாமல் நின்றுபோகும்.

நேர வலயத்தைக் கொழும்பு என்று மாற்றுங்கள். புதிதாக நிறுவிய வேர்ட்பிரஸ் யூ.டி.சி. நேரத்திலேயே கிடப்பது வழமை. நமக்கும் அதற்கும் ஐந்தரை மணி நேர இடைவெளி. பின்னேரம் 4 மணிக் கூட்டம் இன்னொரு தளத்தில் காலை 10.30 என்று தெரிந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

3. பெயர்களை ஒத்துக்கொள்ளுங்கள்

இந்த வழிகாட்டியில் மிக முக்கியமான படி இது. இதற்கு இணையமே தேவையில்லை, ஒரு பின்னேரம் எல்லாக் குழுவும் ஒரு மேசையில் இருந்தால் போதும்.

மூன்று பட்டியல் வேண்டும். முதலாவது விடயம்: காணி, மேய்ச்சல் தரை, கடலரிப்பு, மீன்பிடி, வயல் நீர், யானை, உள்ளூராட்சி என்று எட்டுக்குள் நிறுத்துங்கள். இருபது வைத்தால் எழுதுபவர் எதைத் தெரிவது என்று தெரியாமல் "பொது" என்று போட்டுவிட்டுப் போவார். இரண்டாவது இடம். மூன்றாவது பதிவின் தன்மை: செய்தி, அறிக்கை, கூட்டம், கோரிக்கை மனு. அம்பாறையில் சிங்களத்திலும் எழுதும் குழு இருந்தால் மொழிக்கு ஒரு வகை சேருங்கள்.

இடத்துக்குக் கிராம சேவகர் பிரிவு வரை இறங்க வேண்டாம், பிரதேச செயலகப் பிரிவு போதும். மட்டக்களப்பில் 14, அம்பாறையில் 20. எழுத்துக்கூட்டலைப் பிரதேச செயலகத்தின் பெயர்ப்பலகையில் இருப்பதுபோல் எடுத்துக்கொள்ளுங்கள். களுவாஞ்சிகுடி என்று ஒரு தளமும் களுவாஞ்சிக்குடி என்று இன்னொன்றும் எழுதினால் மென்பொருளுக்கு அவை இரண்டு ஊர். எது சரி என்று வாதாடுவதில் நேரம் போகும், போகட்டும். ஆனால் அன்றைக்கே முடித்துவிட்டு எழுந்திருங்கள்.

கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்து உள்ளே வேறாக இருக்கும் எழுத்துகள் இன்னொரு சிக்கல். "கொக்கட்டிச்சோலை" என்பதன் முதல் எழுத்தில் உள்ள ஒகரக் குறியைச் சில விசைப்பலகைகள் ஒரே குறியாகப் பதிக்கும், சில ஒற்றைக் கொம்பையும் காலையும் இரண்டாகப் பதிக்கும். திரையில் வித்தியாசம் இல்லை, பொதுத் தளத்தின் வடிகட்டி மட்டும் பொருந்தாது. ஔகாரக் குறி வர வேண்டிய இடத்தில் "ள" எழுத்தைத் தட்டுவதும் இதே வகை, இதை யுனிகோட் சீராக்கும் கருவிகளும் திருத்தாது. ஆகவே வகைப் பெயரை எவரும் தட்டச்சுச் செய்யக்கூடாது. ஒருவர் தயாரித்த பட்டியலை எல்லாத் தளத்திலும் இறக்குமதி செய்துவிட்டு, புதிய வகை சேர்க்கும் உரிமையை நிர்வாகிக்கு மட்டும் விடுங்கள்.

வகைகளின் முகவரிப் பெயர் (slug, இணைப்பு முகவரியில் தெரியும் பெயர்) ஆங்கில எழுத்தில் குட்டையாக இருக்கட்டும். தமிழ்ப் பற்றுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. முகவரியில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் ஒன்பது எழுத்தாக மாற்றப்பட்டுச் சேமிக்கப்படும். வேர்ட்பிரஸ் அதற்கு ஒதுக்கும் இடம் 200 எழுத்து. அதாவது 22 குறி. புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறியாகக் கணக்கில் வருவதால் இரண்டு மூன்று சொல்லிலேயே முகவரி வெட்டுப்படும். பதிவுகளுக்கும் இதே வழக்கம் நல்லது. வாட்ஸ்அப்பில் பகிரும்போது அரைப் பக்கத்துக்கு நீளும் சதவீதக் குறிகளைப் பார்த்தால் ஆட்கள் திறக்கப் பயப்படுவார்கள்.

பாமினியில் தட்டச்சுச் செய்த பழைய அறிக்கைகளை யுனிகோடுக்கு மாற்றிய பின்னரே ஏற்றுங்கள். பாமினி எழுத்துரு இருக்கும் கணினியில் மட்டும்தான் அது தமிழ். செய்தியோடையில் எழுத்துரு போகாது, வெறும் ஆங்கிலக் குப்பைதான் போகும்.

4. பொது மென்பொருள் பொதி

பொதி என்றால் ஒரு தோற்றக் கரு (theme), நான்கைந்து செருகு நிரல்கள் (plugins), மூன்றாம் படியில் தயாரித்த வகைப் பட்டியல், தமிழில் ஒரு நிறுவல் குறிப்பு. அவ்வளவுதான். செய்தி இறக்குவதற்கு ஃபீட்வேர்ட்பிரஸ் போன்ற ஒன்று (பொதுத் தளத்தில் மட்டும்), நாட்காட்டிக்கு ஒன்று, காப்புப்பிரதிக்கு ஒன்று, பாதுகாப்புக்கு ஒன்று. வேர்ட்பிரஸ் ஜி.பி.எல். உரிமத்தில் வருவதால் திருத்திப் பகிரத் தடையில்லை. ஆனால் காசு கொடுத்து வாங்கிய செருகு நிரலின் உரிமச் சாவி ஒரு தளத்துக்குத்தான் என்றால், அதைப் பொதியில் வைக்காதீர்கள்.

ஒவ்வொரு குழுவின் நிறம், சின்னம், முகப்புப் படம் எல்லாம் துணைத் தோற்றத்தில் (child theme) இருக்கட்டும். மூலத் தோற்றத்தில் கை வைத்தால் அடுத்த புதுப்பிப்பில் அழிந்துவிடும், பிறகு அந்தக் குழு புதுப்பிக்கவே மறுக்கும்.

இருக்கும் தளத்தை அப்படியே நகலெடுத்துப் புதிய ஊருக்குக் கொடுப்பது எளிதாகத் தோன்றும். நகலோடு பழைய ஊரின் நிர்வாகக் கணக்குகளும் தொடர்புப் படிவம் போகும் மின்னஞ்சலும் சேர்ந்து போகும். பொத்துவிலில் ஒருவர் நிரப்பிய படிவம் ஏறாவூருக்குப் போய் விழும். சோதனைத் தளத்தில் தேடுபொறிகளைத் தடுத்து வைத்த அமைப்பும் அப்படியே வரும், மாதக்கணக்கில் கூகுளில் தளம் வராததற்கு அதுவே காரணமாக இருக்கும். வெறும் வேர்ட்பிரஸை நிறுவி அதன் மேல் பொதியைப் போடுவதே நல்லது.

புதுப்பிப்பு வரிசை: முதலில் சோதனைத் தளம், மூன்று நாள் கழித்து முன்வரும் ஒரு குழுவின் தளம், ஒரு வாரம் கழித்து மற்றவை. வாக்களிப்புக்கு முந்தைய இரண்டு வாரமும் பாதுகாப்புத் திருத்தம் தவிர எதையும் தொட வேண்டாம்.

5. செய்தியோடையைச் சரிசெய்தல்

ஒவ்வொரு வேர்ட்பிரஸ் தளத்துக்கும் பிறக்கும்போதே ஆர்.எஸ்.எஸ். என்ற செய்தியோடை உண்டு, ஒவ்வொரு வகைக்கும் தனி ஓடையும் உண்டு. தளத்தின் முழு ஓடையைப் பொதுத் தளத்துக்குக் கொடுக்காதீர்கள். "பகிர்வுக்கு" என்று ஒரு வகை உருவாக்கி அதன் ஓடையை மட்டும் கொடுங்கள். உள்ளூர்க் கோவில் திருவிழா வாழ்த்தும் மரண அறிவித்தலும் பொதுத் தளத்துக்குப் போக வேண்டியதில்லை. எது போக வேண்டும் என்ற முடிவும் இதனால் அந்தக் குழுவின் கையிலேயே இருக்கும்.

வாசிப்பு அமைப்பில் இரண்டு மாற்றம். ஓடையில் காட்டும் பதிவுகளின் எண்ணிக்கை வழமையாக 10, அதை 30 ஆக்குங்கள். போராட்ட நாளில் ஒரு குழு காலை முதல் மாலை வரை பதினைந்து பதிவு போட, இடையில் ஓடையை எடுக்கும் பொதுத் தளத்தின் பொறி நின்றிருந்தால் முதல் ஐந்து பதிவுகளும் ஓடையை விட்டு விழுந்திருக்கும். அடுத்தது, முழுப் பதிவுக்குப் பதில் சுருக்கத்தைத் தெரிவு செய்யுங்கள். முழுப் பதிவும் நகலானால், மூலத்தில் ஒரு பெயரைத் திருத்தினாலும் நகலில் பிழை அப்படியே கிடக்கக்கூடும். சுருக்கத்தைக் கையால் எழுதுங்கள். எழுதாவிட்டால் வேர்ட்பிரஸ் முதல் 55 சொற்களை வெட்டி எடுக்கும், அது பெரும்பாலும் "கௌரவ" என்று தொடங்கும் விளிப்பிலேயே தீர்ந்துபோகும்.

பிறகு ஓடையை இணையத் தர அமைப்பான டபிள்யூ3சி.யின் (W3C) ஓடைச் சரிபார்ப்பியில் போட்டுப் பாருங்கள். மூன்று பிழைதான் திரும்பத் திரும்ப வரும். முதலாவது, எக்ஸ்.எம்.எல். அறிவிப்பு முதல் வரியில் இல்லை என்பது: யாரோ தோற்றக் கோப்பைத் திறந்து திருத்தி, தொடக்கத்தில் ஒரு வெற்று வரியையோ கண்ணுக்குத் தெரியாத பி.ஓ.எம். குறியையோ விட்டிருப்பார்கள். பழைய நோட்பேடில் சேமித்தால் இது வரும். இரண்டாவது 403, அதாவது "அனுமதி இல்லை" என்ற பிழை: கிளவுட்ஃப்ளேர் போன்ற பாதுகாப்பு, பொதுத் தளத்தின் பொறியை ரோபோ என்று தடுக்கிறது. ஓடை முகவரிக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள். மூன்றாவது பழைய ஓடையே வந்துகொண்டிருப்பது, இதற்குத் தற்காலிகச் சேமிப்பு (cache) நிரலில் ஓடையை விலக்க வேண்டும்.

6. பொதுத் தளம்: இரண்டே தளத்தோடு தொடங்குங்கள்

பத்துத் தளத்தையும் ஒரே நாளில் இணைத்தால் எந்தப் பிழை எந்தத் தளத்தினது என்று தெரியாது. தொலைவிலுள்ள இரண்டை எடுங்கள், உதாரணமாக வாழைச்சேனையும் ஆலையடிவேம்பும். ஒரு வாரம் ஓடவிட்டு, மற்றவற்றை ஒவ்வொன்றாகச் சேருங்கள்.

தலைப்பைத் தட்டினால் மூலத் தளத்துக்கே போகும்படி அமையுங்கள். தலைப்பின் கீழ் குழுவின் பெயரும் ஊரும் கட்டாயம் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் யார் சொன்னது என்று தெரியாமல் எல்லாக் குழுவின் தலையிலும் பழி விழும்.

வேர்ட்பிரஸின் உள்ளகக் கிரான், ஆள் வந்தால்தான் அசையும். பொதுத் தளத்துக்கு இரவில் ஒருவரும் வராவிட்டால் புதிய செய்தி எதுவும் இறங்காது. அமைப்புக் கோப்பில் அதை நிறுத்திவிட்டு, வழங்கியின் கட்டுப்பாட்டுப் பலகையில் 15 நிமிடத்துக்கு ஒருதரம் உண்மையான கிரான் பணி ஒன்றை வையுங்கள். ஓடைகளை மணிக்கு ஒருதரம் பார்த்தால் போதும்.

பொதுத் தளத்தின் செய்திகளைத் தங்கள் தளத்திலும் காட்ட எல்லாக் குழுவும் விரும்பும். ஆர்.எஸ்.எஸ். கட்டமாகப் பக்கப்பட்டியில் காட்டுங்கள், பதிவாக இறக்காதீர்கள். பதிவாக இறக்கினால் அது அந்தத் தளத்தின் ஓடையில் ஏறிப் பொதுத் தளத்துக்குத் திரும்பும், அங்கிருந்து மற்றத் தளங்களுக்கும் போகும், ஒரு நாளில் ஒரே அறிக்கை நாற்பது தடவை நிற்கும். பக்கப்பட்டிக் கட்டம் 12 மணி நேரம் பழையதைக் காட்டக்கூடும். அது பிழையல்ல, வேர்ட்பிரஸ் ஓடைகளைச் சேமித்து வைக்கும் வழமையான காலம் அது.

ஒரு தளம் டொமைன் மாறிய மறுநாள் அதன் பழைய பதிவெல்லாம் புதிதுபோல் குவிந்தால், மாற்றியவர் தரவுத்தளத்தில் பழைய முகவரியைத் தேடி மாற்றும்போது பதிவுகளின் நிரந்தர அடையாளத்தையும் (guid) மாற்றிவிட்டார் என்று பொருள். டொமைன் மாறினாலும் அந்த அடையாளம் இருக்கும் நெடுவரிசையை மட்டும் தொடக்கூடாது.

மூலத்தில் அழித்தது பொதுத் தளத்தில் தானாக அழியாது. ஓடை புதியதைச் சொல்லும், போனதைச் சொல்லாது. பிழையான குற்றச்சாட்டு ஒன்றை மூலத் தளம் நீக்கியிருக்க, பொதுத் தளத்தில் அது தொங்கிக்கொண்டிருந்தால் சட்டச் சிக்கல் பொதுத் தளத்துக்குத்தான். ஆகவே நீக்கும் குழு அழைக்க வேண்டிய இருவரின் தொலைபேசி எண்களை எல்லாரும் வைத்திருக்க வேண்டும். அந்த இருவரும் வேறு வேறு ஊராக இருக்கட்டும். பொதுத் தளம் எந்த ஊர் ஆட்களின் கையில் இருக்கிறதோ அந்த ஊரின் தளமாகத்தான் மற்றவர்கள் பார்ப்பார்கள். தமிழ்க் குழுக்களும் முஸ்லிம் குழுக்களும் சேர்ந்த வலையமைப்பில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும்.

7. கூட்ட நாட்காட்டி

கூட்டங்களைச் செய்தியோடையில் அனுப்பாதீர்கள். செய்தியில் இருப்பது எழுதிய நேரம், கூட்டத்துக்கு வேண்டியது நடக்கும் நேரம். அதற்கு ஐகால் (iCal) என்ற நாட்காட்டி ஓடை இருக்கிறது. ஐகாலைத் தானாக இறக்கும் வசதிக்குத் தனிக்கட்டணம் கேட்கும் நாட்காட்டி நிரல்களும் உண்டு, பொதியில் சேர்க்குமுன் பாருங்கள்.

கூட்டம் நின்றுபோனால் பதிவை அழிக்காமல் தலைப்பின் முன் "ரத்து" என்று சேருங்கள். அழித்தால் மற்றத் தளங்களில் பழைய பதிவு நின்று, ஆட்கள் மழைக்குள் வந்து நிற்பார்கள். கார்த்திகை, மார்கழியில் படுவான்கரை வீதிகளில் வெள்ளம் ஏறும்போது இது அடிக்கடி தேவைப்படும்.

8. ஆதரவாளர் விவரங்களை இணைக்காதீர்கள்

எல்லாத் தளத்தின் படிவங்களையும் ஒரே பட்டியலில் சேர்க்கும் ஆசை வரும். வேண்டாம். ஓரிடத்தில் கசிந்தால் இரண்டு மாவட்டமும் கசியும். இந்தப் பகுதியில் பெயர்ப் பட்டியல் என்றாலே ஆட்கள் அஞ்சுவதற்கு நியாயமான காரணங்கள் இருக்கின்றன. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அரசியல் கருத்தை வெளிப்படுத்தும் தரவு விசேட வகையில் சேர்கிறது என்பதையும் மனதில் வையுங்கள்.

பொதுத் தளத்தில் படிவமே வைக்க வேண்டாம். வருபவர் தன் பிரதேசத்தைத் தெரிவு செய்தால் அந்த ஊர்த் தளத்தின் படிவத்துக்கு அனுப்புங்கள். அங்கே பெயர், தொலைபேசி, பிரதேசம் மூன்றும் போதும். அடையாள அட்டை எண் கேட்கவே கூடாது. எதற்குப் பயன்படும், யார் பார்ப்பார், எப்படி நீக்கச் சொல்லலாம் என்று இரண்டு வரி படிவத்துக்கு மேலே இருக்கட்டும்.

படிவத்தில் சேர்ந்த விவரங்களை இறக்கிய சி.எஸ்.வி. (CSV) பட்டியல் கோப்பை எக்செலில் நேரடியாகத் திறந்தால் தொலைபேசி எண்ணின் முதல் பூச்சியம் போய்விடும், தமிழும் சிதையும். இறக்குமதி வழியாகத் திறந்து, யூ.டி.எஃப்.-8 என்றும் தொலைபேசி எண் நெடுவரிசையை "எழுத்து" என்றும் தெரிவு செய்யுங்கள்.

9. தேர்தல் காலம்

வாக்களிப்புக்கு முந்தைய அமைதிக் காலத்தில் பிரசாரம் கூடாது. 2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தலுக்கு மே 3 நள்ளிரவோடு பிரசாரம் முடிந்தது. முன்கூட்டியே நேரம் குறித்து வைத்த பதிவுகளை ஒவ்வொரு தளமும் தேடி நிறுத்த வேண்டும். ஒரு தளம் மறந்தாலும் பொதுத் தளம் அதை எல்லா ஊருக்கும் பரப்பிவிடும். எனவே அமைதிக் காலம் தொடங்க ஒரு மணி நேரத்துக்கு முன்பே பொதுத் தளத்தின் இறக்குமதியை நிறுத்திவிடுங்கள்.

வழங்கி, டொமைன், முகநூல் விளம்பரம் எல்லாவற்றின் பற்றுச்சீட்டையும் குழுவாரியாகச் சேருங்கள். 2023 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கத் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டப்படி வேட்பாளர் தன் செலவு விவரத்தை முடிவு வெளியான 21 நாளுக்குள் கொடுக்க வேண்டும். குழு ஒரு வேட்பாளரை ஆதரித்தால் அந்தக் கணக்கைக் கடைசி நாளில் தேடி ஓட முடியாது.

10. ஒரு குழு விலகும்போது

விலகுவது ஐந்து நிமிட வேலையாக இருந்தால்தான் ஆட்கள் துணிந்து சேருவார்கள். பொதுத் தளத்தில் அந்த ஓடையையும் நாட்காட்டியையும் நீக்குங்கள், தொடர்புப் பட்டியலில் எண்களை மாற்றுங்கள். பொதி அவர்களிடமே இருக்கட்டும், அதைத் திருப்பிக் கேட்க உரிமமும் இடம் கொடுக்காது. ஃபீட்வேர்ட்பிரஸில் ஓடையை நீக்கும்போது அதன் பழைய பதிவுகளை வைத்திருப்பதா அழிப்பதா என்று கேட்கும். முதலாம் படியில் எழுதிய பக்கத்தில் இதற்கும் ஒரு வரி இருந்தால், அன்றைக்குக் கோபத்தில் முடிவெடுக்க வேண்டியிராது. வைத்திருந்தால், மூன்று மாதம் கழித்து அந்த இணைப்புகள் திறக்கின்றனவா என்று பார்த்து, திறக்காதவற்றை எடுத்துவிடுங்கள்.